விடுதி முகவரியில் இருபத்திரண்டு பேர்

ஜூன் 9
மக்கள் கணக்கெடுப்புக்கு உதவப் பள்ளியிலிருந்து என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்து அழகாம். விதிப் புத்தகம் நாற்பது பக்கம், முழுதும் படித்தேன். தலைகளை எண்ணித்தான் வட்டார மன்றத்தில் யாருக்கு எத்தனை உறுப்பினர் என்று முடிவு செய்வார்கள். ஐந்நூறு பேர் இருந்தால் கிராமத்துக்குத் தனி உறுப்பினர். குறைந்தால் டவுன் வார்டோடு சேர்த்துவிடுவார்கள்.

ஜூன் 14
மாணவிகள் விடுதிக்குப் போனேன். இங்கிருப்பவர்களை வீட்டில் எண்ண மாட்டார்கள், நாங்கள்தான் எழுத வேண்டும். விடுதி முகவரி, சொந்த ஊர் முகவரி — எதுவானாலும் சரி என்கிறது விதி. வார்டனிடம் விடுதி முகவரி ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. குத்தினால் முடிந்தது.

குருவி என் பக்கத்து பெஞ்சுக்காரி. அவள் ஊரிலிருந்து மட்டும் இருபத்திரண்டு பேர்.

"எங்க ஊர் பேரை எழுதேன்டி."

"தூங்குறது இங்கதானே?"

"சாப்பிடுறதும் இங்கதான். அதுக்காக ஊர் இல்லாமப் போயிடுமா?"

சிரித்தேன். குத்தினேன். மாலை ஐந்துக்குள் முடித்ததற்குப் பாராட்டு வேறு.

ஆகஸ்ட் 2
பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். குருவியின் ஊர்: 486.

486 + 22. எத்தனை முறை கூட்டினாலும் 508தான் வருகிறது.

ஆகஸ்ட் 3
குருவி வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 11
குருவியின் அம்மாதான் அந்த ஊரின் உறுப்பினர் — இதுவரை. மன்றத்தில் சண்டை போட்டு ஊருக்கு ஒரு நர்ஸை வாங்கியவர். இன்று பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நல்லா எழுதுவியாமே பாப்பா. எங்க புள்ளைங்களை விட்டுட்டு எண்ணியிருக்காங்க. ஒரு மனு எழுதிக் குடேன்."

குருவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் அவள் வீட்டில் சொல்லவே இல்லையா? ஏன்டி சொல்லல? சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

செப்டம்பர் 12
மனு எழுதினேன். கடைசி வரி: 'விடுதி முகவரியை இட்டது நானே.' குருவியின் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் மனுவை வாங்கி மடித்தார்.

"இவ்ளோ படிச்சிருக்க. ஒரு வார்த்தை எங்க புள்ளைங்களைக் கேட்டிருக்கலாம்ல?"

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. குருவிதான் சொன்னாளே.

செப்டம்பர் 20
பதில் வந்துவிட்டது. ஆட்சேபம் தெரிவிக்கும் முப்பது நாள் முடிந்துவிட்டதாம். அடுத்த கணக்கெடுப்பு பத்து வருடம் கழித்து. அதுவும் விதிப் புத்தகத்தில் இருந்தது. நான் படித்ததுதான்.

நவம்பர் 17
புது மன்றத்தின் முதல் கூட்டம். பார்வையாளர் வரிசையில் குருவியின் அம்மா, குருவி, ஓர் இடம் விட்டு நான். மூன்றாவது தீர்மானம்: கிராமத்து நர்ஸை டவுன் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது. டவுனில் கூட்டம் அதிகமாம். உண்மைதான்.

"யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார் தலைவர்.

குருவியின் அம்மா எழுந்தார்.

"பார்வையாளர் பேசக் கூடாதும்மா. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. குருவி முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே எழுத்தர் குறிப்பேட்டில் எழுதிப் படித்தார்: ஏகமனதாக நிறைவேறியது.