ஆறு-நான்கு என்று அனுப்பினேன்

நாள் 412 / 06:10
சனிக்கோளின் நிலவில் ஆய்வு நிலையம். பொறுப்பு: ஜெசிந்தா, தனியாள். வெளியே மைனஸ் 179 டிகிரி. காற்று, மின்சாரம் சீர். பூமிக்குச் செய்தி போய்ச்சேர எண்பது நிமிடம்.

நாளை என் மகள் டெல்ஃபின் உலகின் முதல்நிலை டென்னிஸ் வீராங்கனையோடு மோதுகிறாள். இவள் தரவரிசை 214. நான் எழுதிய கணிப்பு நிரலுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது: 1-6, 2-6. அதிலும் ஒரு கேம் குறைத்துத்தான் அவளுக்கு அனுப்புவேன். நான் சொன்னதைவிடக் கூடுதலாக எடுத்தால் அம்மாவை ஜெயித்ததாக அர்த்தம். ஒன்பது வருடமாக இப்படித்தான். தோற்றுவிட்டும் சிரித்துக்கொண்டே பேசுவாள்.

14:25
பிரதான ஆக்சிஜன் தொட்டி வெடித்துவிட்டது. மிச்சம் பதினெட்டு மணி நேரம். மீட்புக் கலம் வர ஏழு மாதம். சிரிப்புதான் வந்தது.

17:10
ஆட்டம் முடியும்வரை டெல்ஃபினிடம் மூச்சு விடக் கூடாது என்று கட்டுப்பாட்டு மையத்திடம் கெஞ்சியிருந்தேன். சம்மதித்துவிட்டார்கள். இப்படியொரு ஆட்டம் அவளுக்கு இன்னொரு முறை வாய்க்காது.

17:50
கணிப்பு அனுப்ப உட்கார்ந்தேன். 1-6, 1-6. கை வரவில்லை. பிள்ளைக்கு நான் கடைசியாகச் சொல்வது இதுவா?
"ஏட்டி, நீதான் ஜெயிப்ப. 6-4, 6-4."
அனுப்பிவிட்டேன். மனசு நிறைந்திருக்கிறது.

நாள் 413 / 06:55
முதல் செட் 3-3. நிரல் திணறுகிறது. 4-4. இப்போது 5-4, டெல்ஃபின் முன்னால்! கத்திவிட்டேன். காற்று வீண், போகட்டும்.

07:12
"டெல்ஃபின் ஆட்டத்திலிருந்து விலகினார்." காரணம் போடவில்லை. காயமா?

07:38
அவளிடமிருந்து:
"யம்மா, நீ சொன்னத படிச்சிட்டு அவ்வளவு சந்தோசமா ஆடுனேன். அஞ்சு-நாலுல நாற்காலில உக்காந்தப்பதான் உறைச்சுது. ஒன்பது வருசத்துல ஒரு நாளாவது நீ இப்படிச் சொல்லிருக்கியா? உனக்கு என்னமோ ஆயிட்டு. ஆட்டத்த விட்டுட்டு வந்துட்டேன். ரேடியோ பக்கத்துலயே இருக்கேன். பேசும்மா."

08:05
தலை சுற்றுகிறது. உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். அவளைச் சேர 9:25 ஆகும். என் காற்று 8:25 வரை.

இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்திருந்தால் செட் அவளுடையது. வழக்கம்போல 1-6 என்று அனுப்பியிருந்தால் ஆடி முடித்திருப்பாள். ஆசைப்பட்டுக் கெடுத்தேன், பாவி.

இதைக் கண்டெடுப்பவரே, அவள் இன்னும் ரேடியோ பக்கத்தில் இருந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். சாப்பிட்டிருக்க மாட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் அவள் எதுவும்