சிவப்புப் பிடி

சார்ஜா, 12.05.2007

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

சுரேந்திரனின் வணக்கம். நான் சுகம். உங்கள் சளியும் அம்மாவின் கால்வலியும் எப்படி?

நான் கழுவித் துடைக்கும் குட்டி விமானத்தில், போன வாரம் பயிற்சி ஆசிரியர் என்னையும் ஏற்றிக்கொண்டார். மேலே போனதும் இஞ்சின் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், முழங்கை மட்டும்தான் சிராய்த்தது. கூரையிலிருந்த சிவப்புப் பிடியை அவர் இழுத்தார். பெரிய பாராசூட் விரிந்து, விமானத்தையே மணலில் இறக்கியது.

அதை இழுப்பதற்கே இங்கே தனிப் பயிற்சி. விமானம் உடைந்துவிடுமே என்று தயங்கி, தாழ வந்தபிறகு இழுத்தால் விரிய நேரம் இருக்காதாம்.

நம் தோட்ட லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருப்பதாகப் போனில் சொன்னீர்கள். "இன்னும் ரெண்டு மழை பாப்போம்டா" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு வேலையில் கை ஓடவில்லை. நீங்கள் பேசிய கடை போனையும் யாரும் எடுப்பதில்லை.

பார்க்க வேண்டாம் அப்பா. கஹவத்தையில் அக்கா வீட்டுக்குப் போங்கள். என் பழைய சுவெட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனதும் ஒரு மிஸ் கோல் தாருங்கள், போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இதைக் கொண்டுவரும் நண்பன் தவசீலன் ஊருக்குப் புறப்பட்டு நிற்கிறான். அவனுக்குத் தேத்தண்ணி போட அம்மா அடுப்பு மூட்ட வேண்டாம். அவன் வந்த வேனிலேயே ஏறிவிடுங்கள்.

மகன்,
சுரேந்திரன்