என் இடது, வண்டியின் வலது

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், லாரி பரம சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் விசாரிக்கிற வரியில் லாரி எங்கே வந்தது என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சந்தோஷத்தில் பேனா ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முதலில் ஒன்று, எங்களுக்காகக் கட்டில் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதை வாங்கிவிடாதே. நாங்கள் அங்கே குடிவரவில்லை.

பதறாதே, முழுவதையும் படி. போன வாரம் அப்பா போனில் உன்னிடம் என்ன சொன்னார், லாரி அவ்வளவுதான், பின் ஆக்சில் நடுவில் உருண்டையாக இருக்கிற பல்சக்கரப் பெட்டி தேய்ந்துவிட்டது, இத்தனை வயதான வண்டிக்கு இனி அதை மாற்றுவது வீண், இரும்புக்குப் போட்டுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். நீ அழுதே விட்டாய். மாப்பிள்ளை போனை வாங்கி, அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன் என்றார். நான் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தேன், சிரிப்பு வாயோடு சரி. உன் வீடு பிடிக்காமல் இல்லை கண்ணு. ஆனால் இந்தத் தொழில் அவருடையது மட்டும் இல்லை, என்னுடையதும். ஊர் ஜனம் வீடு மாறும்போதெல்லாம் அவர்கள் சாமானோடு சாமானாகப் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் கண்ணாடியையும் கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு போகிறவள் நான். இன்றுவரை ஒரு கண்ணாடியில் கீறல் விழுந்ததில்லை. அதை விட்டுவிட்டு உன் வீட்டு சோபாவில் நாள் முழுக்க உட்கார்ந்து நான் என்ன செய்வேன், சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சத்தத்தை முதலில் பிடித்தது நான்தான். அப்பாவும், சாமான் தூக்குகிற நெட்டையும் முன்னால் இருப்பார்கள், அங்கே எஞ்சின் போடுகிற கூச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. நான் உட்காருவது நேராகப் பின் சக்கரங்களுக்கு மேலே. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் பலகைக்கு அடியில் உம்ம்ம் என்று ஒரு முனகல், வேகம் கூடக் கூட அதுவும் கூடும், மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மாதிரி. நான் சொன்னபோது உன் அப்பா, அது டயர் சத்தம், உனக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று தள்ளிவிட்டார். அப்புறம் அது முன்னால் இருந்த அவர் காதுக்கே எட்டியதும், நேரே எதிர்ப்பக்கம் தாவி, பெட்டியே போச்சு என்று முடிவுகட்டிவிட்டார். நடுவில் நிற்கிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே. மெக்கானிக்கிடம் காட்டக்கூட இல்லை, பழைய இரும்புக்காரரிடம் நாள் குறித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விற்பதற்கு முன்னால் பட்டறையில் ஒரு தடவை காட்டிவிடுவோம், நல்ல நிலையில் இருக்கிற சாமானைக் கழற்றித் தனியாக விற்கலாமே என்று ஒரு சாக்குச் சொல்லி அழைத்துக்கொண்டு போனேன். நம் மெக்கானிக்கை உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் இதோ, இதோ என்று சொல்லிவிட்டு நிதானமாக டீ குடிப்பாரே, ஊரே அவரை 'இதோ' என்றுதான் கூப்பிடுகிறது. அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னைத்தான் விசாரித்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சத்தம் மாறுகிறதா அக்கா என்றார். இல்லை, வண்டி மெதுவானால்தான் குறைகிறது என்றேன். அப்படியானால் பெட்டி இல்லை, அது காலை அழுத்தினால் ஒரு சத்தம், எடுத்தால் ஒரு சத்தம் என்று மாறும், இது டயராக இருக்கும் இல்லாவிட்டால் சக்கர பேரிங்காக இருக்கும் என்றார். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்துவிட்டது. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள், முனகல் இருந்த இடத்திலேயே இருந்தது. டயர் தப்பித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு பக்கமும் சக்கரத்தைச் சுற்றியும் ஆட்டியும் பார்த்தார், பாரம் இல்லாதபோது இரண்டும் சாது மாதிரி சுற்றின. எந்தப் பக்கம் என்று உங்கள் காதுதான் சொல்ல வேண்டும் என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, இடது என்று அடித்துச் சொன்னேன்.

இடது பக்கத்தைக் கழற்றினார்கள். ஆக்சில் தண்டை உருவி, பெரிய நட்டை எடுத்து, பிரேக் டிரம்மோடு சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பை இறக்கி, உள்ளே இருந்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார் மெக்கானிக். புத்தம்புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு தேய்மானம் இல்லை. உன் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திறந்தது திறந்தாயிற்று என்று மெக்கானிக் புது கிரீஸும், எண்ணெய் கசியாமல் தடுக்கிற புது ஆயில் சீலும் போட்டு மூடினார். நாளைக்கு இரும்புக்காரரை வரச்சொல்லிவிடுகிறேன் என்று அப்பா யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். நான் என் போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். இங்கேயிருந்துதானே அந்தச் சத்தம் வந்தது, இந்தக் கை பக்கம்தானே வந்தது என்று மெக்கானிக்கிடம் மறுபடியும் இடது கையை நீட்டிப் புலம்பினேன். அவர் கீழே நின்று என் கையையே பார்த்தார். அப்புறம், "அக்கா, நீங்க எப்பவுமே இப்படித்தான் உட்காருவீங்களா?" என்றார்.

புரிகிறதா உனக்கு? நான் டிரைவர் அறைக்கு முதுகைக் காட்டி, வந்த ரோட்டைப் பார்த்தபடி உட்காருகிறவள். பீரோவுக்கு முதுகு கொடுத்தால்தான் அது சாயாமல் இருக்கும். அப்படி உட்கார்ந்தால் என் இடது கைப்பக்கம் வண்டிக்கு வலப்பக்கம். இத்தனை வருஷம் திரும்பி உட்கார்ந்தே பயணம் செய்தவளுக்கு அது உறைக்கவே இல்லை. நெட்டை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். மெக்கானிக் மட்டும் சிரிப்பை அடக்கி, இந்தத் தடவை இடது வலது என்று வாயே திறக்க வேண்டாம் அக்கா, சத்தம் ஏறும்போது பலகையில் தட்டுங்கள் போதும் என்றார். அவரே ஓட்டினார், காலி மைதானத்தில் வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்தார். பாரம் வலது சக்கரத்தின் மேல் சாய்ந்த ஒவ்வொரு தடவையும் நான் தட்டினேனாம். தட்டினேன் என்பதென்ன, பலகை உடைந்திருக்கும்.

வலது பக்கத்தைத் திறந்ததுதான் தாமதம், ஆயில் சீல் காய்ந்து வெடித்துக் கிடந்தது, அந்த வழியாகக் கியர் ஆயில் கசிந்து கிரீஸெல்லாம் கஞ்சியாகிவிட்டது. பேரிங் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். உட்கார்ந்து அழ வேண்டிய காட்சி, நான் கைதட்டினேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று அந்தப் பக்கத்துக்கு இரண்டு பேரிங், இரண்டுமே புதிதாகப் போட்டோம். ஹப்புக்குள் இறுகியிருந்த பழைய வளையங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன, அவை இருக்கட்டும் என்று உன் அப்பா சிக்கனம் பேசினார், பழைய வளையத்தில் புது உருளை ஓடினால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும் என்று மெக்கானிக் அவற்றையும் தட்டி வெளியே எடுத்தார். உருளைகளுக்கு இடையில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஏற்றியது நான்தான், என் வளையலெல்லாம் இன்னும் அந்த வாசனை. பெரிய நட்டை மட்டும் அப்பாவிடம் கொடுக்காதீர்கள் என்று நானே சொல்லிவிட்டேன். அதைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, அப்புறம் ஒரு மயிரிழை தளர்த்த வேண்டுமாம், உன் அப்பா மூடிய பாட்டிலைத் திறக்க நமக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா.

ஓட்டிப் பார்த்தோம். நான் பின்னால்தான் உட்கார்ந்தேன். வேகம் கூடியது, முனகல் இல்லை. பின்கதவுச் சங்கிலி கிணுகிணுப்பது கேட்டது, என்னோடு பின்னால் ஏறியிருந்த நெட்டை எதையோ மெல்லுவது கேட்டது, உன் அப்பா சுருதியே சேராமல் பாடுவது கேட்டது. மனுஷன் எத்தனை நாளாகப் பாடிக்கொண்டிருந்தாரோ, அந்த உம்ம்ம் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறது. நான் பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்தேன். கொஞ்ச தூரம் போய் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து ஹப்பில் கை வைத்துப் பார்த்தார், சூடில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துட்டேனே, இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவகிட்ட பேசுவேன்?" என்றார். அவ்வளவு சந்தோஷத்திலும் அந்த முகம் வாடிப்போயிருந்தது.

இதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனை அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார், இந்த வீட்டில் ரகசியம் பேச மூலை ஏது. இரும்புக்காரரை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பியாயிற்று, அடுத்த வாரம் ஒரு டாக்டரம்மா வீடு மாறுகிறார், ஆளுயரக் கண்ணாடி இரண்டு இருக்கிறதாம், மடியில் எப்படி வைப்பது என்று இப்போதே யோசனை. ஆனால் உன் அப்பா கொடுத்த வாக்கை மீறமாட்டார். நீ வாங்கப்பா என்று ஒரு தடவை சொன்னால் போதும், நன்றாக ஓடுகிற லாரியை விற்றுவிட்டு வந்து உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார், பாடமாட்டார். அவரை அந்த வாக்கிலிருந்து விடுவிக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

எங்களை வரவேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வராது, அது எனக்குத் தெரியும். எங்கள் மேல் இருக்கிற பாசத்தால்தான் கூப்பிட்டாய், அதே பாசத்தால் சொல். விருந்தாளியாக வருவோம், மாப்பிள்ளை அடிக்க வைத்த வெள்ளையைப் பார்த்துவிட்டு நாலு நாள் தங்கிவிட்டுத் திரும்புவோம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறக்காமல் போன் செய். அப்பாதான் எடுப்பார். எடுத்ததும், லாரி எப்படி ஓடுதுப்பா என்று கேள். பேரிங் கதை முழுக்கச் சொல்லட்டும், சத்தத்தைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பார், நான் குறுக்கே பேசமாட்டேன். அவர் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு வார்த்தை, "அங்கேயே இருங்கப்பா" என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
கை முழுக்க கிரீஸ் வாசனையோடு,
உன் அம்மா