மஞ்சள் துணி

பிப்ரவரி 6

மகளின் மூக்குக்கண்ணாடியை மஞ்சள் துணியால் துடைத்துக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இது என் உத்தியோகம். பிறகு இருவரும் ஒரே பஸ். ஆய்வுக்கூடத்தில் அவள் விஞ்ஞானி. நான் பத்தாவது பிடித்துப்போய் இரண்டு தடவை எழுதிய ஃபிட்டர். அங்கே என்னை "ஃபிட்டர் சார்" என்பாள். நான் "மேடம்" என்பேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

மூன்று வருஷமாக அவள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்ட ஹெலிகாப்டர் பிளேடின் சின்ன மாதிரி வந்துவிட்டது. பெரிய விசிறி காற்றடிக்கும் காற்றுச் சுரங்கத்தில் சுழற்றிப் பார்க்கவேண்டும். அதை மாட்டுவது நான். அவள் கம்ப்யூட்டர் அறையை விட்டு வரமாட்டாள். பெயின்ட் அடித்தவன் விளிம்பெல்லாம் சொரசொரவென்று விட்டிருக்கிறான், கழுதை. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். முகம் பார்க்கலாம். என் முகம் என்பதால் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13

அவள் கணக்கு சொன்னதைவிட பிளேடு லேசாகச் சுற்றுகிறது. மறுபடி சுழற்றினாலும் அதே. "கம்ப்யூட்டர் தப்பா சொல்லலாம், காத்து சொல்லாதும்மா" என்றார் பெரிய ஆபீசர். நானும் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 2

கணக்கை ஒதுக்கிவிட்டார்கள். "மூணு வருஷம்ப்பா. எங்க தப்புன்னுகூடத் தெரியல."

மார்ச் 20

வேலையை விட்டுவிட்டாள். வேறு ஊரில் ஏதோ கம்பெனி. பஸ்ஸில் அவள் சீட்டில் என் சாப்பாட்டுப் பை.

மே 8

புது பிளேடு. அதே சொரசொரப்பு. உப்புத்தாளை எடுத்தேன். புது இன்ஜினியர் ஓடி வந்தார். "தொடாதீங்க, வேணும்னே ஒட்டின மணல் அது. சின்ன பிளேடுல காத்து வழவழன்னு ஓடிரும், லேசா சுத்திரும். நிஜ ஹெலிகாப்டர்ல மாதிரி குழம்பி ஓடணும்னா மணல் வேணும்."

கை அப்படியே நின்றது.

மே 9

நான்தான். நான்தான் தேச்சேன். அவ கணக்குல ஒரு தப்பும் இல்ல.

மே 15

ஆபீசரிடம் சொன்னேன். பழைய பிளேடில் மணல் ஒட்டிச் சுழற்றினார்கள். அவள் கணக்குப் போட்ட எண்ணே வந்தது. ஆனால் வேறொருவர் கணக்கை வைத்து வேலை பாதி முடிந்துவிட்டதாம், இனித் திரும்பாது.

போனில் அவளிடம் எல்லாம் சொன்னேன். "என் மூளையைத்தான் சந்தேகப்பட்டேன்ப்பா." வைத்துவிட்டாள்.

மே 31

வந்திருக்கிறாள். பேசினாள், சாப்பிட்டாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள், ஒரே தூசி. மஞ்சள் துணியோடு கையை நீட்டினேன்.

"இருக்கட்டும்ப்பா. நானே துடைச்சுக்கறேன்."

சட்டை நுனியால் துடைத்துக்கொண்டாள். ஓரத்தில் தூசி அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.