படிக்கட்டில் யாரும் இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டாய் என்று ஒரு நப்பாசைதான்.

என் இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. கேமராப் பையைத் தூக்காதே என்கிறார் டாக்டர். பூட்டிய கடை, ஓடாத லிஃப்ட் என்று ஆளில்லாத இடமாகப் பார்த்துப் படமெடுப்பவளுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று உன் மாமா கேலி செய்கிறார்.

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. என்னையே தெரியவில்லை. பழைய இடங்களைக் காட்டினால் ஏதாவது திரும்பி வருமோ என்று, அவர் வேலை பார்த்த டெலிபோன் ஆபீசுக்குப் போய்ப் படமெடுத்தேன். மூடிக் கிடக்கிறது. சுவர்களில் அறுந்த ஒயர்கள்தான் தொங்குகின்றன. அம்மா போனபிறகு, பள்ளிவிட்டு வந்து, அப்பாவின் ஷிப்டு முடியும்வரை மாடிப்படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருப்போமே, அதையும் எடுத்தேன். வழக்கம்போல, என் நிழல்கூட விழாமல்.

அதுதான் வினையாகிவிட்டது. மற்ற படங்களைத் தள்ளிவிட்டவர், இதைப் பார்த்ததும் பதறிப்போனார். "பிள்ளைங்க ரெண்டும் இங்கதானே இருக்கும், எங்க காணோம்?" என்றார். அன்றிலிருந்து சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். குறுக்கே நின்றால், "வழிய விடுங்கம்மா, சின்னவன் பசி தாங்க மாட்டான்" என்கிறார். மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அலுத்துவிட்டதுடா.

போன வாரம் வேறு வழியில்லாமல் அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். இடுப்பு தாங்காமல் அந்தப் படியில் உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தவர், "வாயாடி!" என்று என்னைக் கூப்பிட்டார். எத்தனை நாளாயிற்று அந்தப் பெயரைக் கேட்டு! அழுதே விட்டேன். அடுத்த நிமிடமே திட்டு விழுந்தது: "தம்பிய எங்க விட்டுட்டு வந்த?"

வீட்டுப் பக்கமே வராதே என்று உன்னை விரட்டியது அவருக்கு நினைவில்லை. அந்தச் சண்டையை இப்போது நீ மட்டும்தான் சுமந்துகொண்டிருக்கிறாய்.

அடுத்த மாதம் கட்டடத்தை இடிக்கிறார்கள். அதற்குள் வாடா. வீட்டுக்கு வர மனமில்லாவிட்டால் நேரே அந்தப் படிக்கு வா, என் பக்கத்தில் உட்கார். அவர் ஒரு தடவை வந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். வரும்போது மட்டும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வராதே. நீ பசியோடு இருப்பாய் என்றுதான் அவர் தினமும் கிளம்புகிறார்.

உன் அக்கா