அடியாட்களுக்கு முதல் பாடம்

ஆவணி இருபது, திங்கள்.

நடவுக் கூலியைக் கூட்டிக் கேட்டவர்களை அடிக்கப் பண்ணையார் வெளியூர்த் தடியன்களை இறக்கியிருக்கிறார். "நீதான் கமாண்டோ ஆச்சே, பழக்கிக் குடுய்யா" என்றார். மறுத்தால் வேறு ஆளைப் பிடிப்பார். சரி என்று தலையாட்டினேன்.

அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் எல்லா ரெஜிமெண்டிலிருந்தும் எங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். எதிரிக்குப் பின்னால் போய்ப் பாலத்தை உடைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். சேற்றில் நடக்க நான் சொல்லிக்கொடுத்தபோது விழுந்து விழுந்து சிரித்த எங்கள் படைப் பஞ்சாப்காரன் முகம் இன்று முழுக்கக் கண்ணிலேயே நின்றது.

தடியன்களை நடவு வயலில் இறக்கி, "தண்ணி சலசலக்காம பின்பக்கமாவே நடங்கப்பா" என்றேன். மூன்றாம் அடியிலேயே அவர்கள் தலைவன் மல்லாந்தான். வரப்பில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"மிலிட்டரி ஐயா, இவங்கதான் எங்கள அடிக்க வந்தவங்களா?" என்றாள் நடவுக்காரி மாரியம்மா.

"ஆமாம்மா. இன்னும் ரெண்டு நாள் பழகுனா எழுந்து நின்னுடுவாங்க."

சாயங்காலம் மானம் போய் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். பண்ணையார் என்னை முறைத்துக்கொண்டே போனார். கூலி இன்னும் பேசி முடியவில்லை. நாளைக்கு யாரைக் கொண்டுவருவாரோ.

போனவர்கள் எல்லோரும் திரும்ப வேண்டும் என்பது எங்கள் படையின் சட்டம். அந்தப் பாலத்திலிருந்து பஞ்சாப்காரன் திரும்பவில்லை. மாரியம்மா இன்று வீடு போய்ச் சேர்ந்தாள்.