மதகுக்குக் கட்டிய கதைத்திறை

மங்கலம் நிறைக. வானம் மறந்தாலும் வாக்கு மறவாதவரும், பகைவரிடம் பெறாத பொன்னைக் குடிகளிடமும் பெறாதவரும், யானை இல்லாத படைக்கும் நாற்படை என்றே பெயர் வழங்கும் பெருமனத்தினருமாகிய கரம்பை நாட்டு நாயகர், நெடுந்தேவ மாராயர் திருமுன்பு, நெடுமடை நாட்டுத் தலைநகராம் மடைத்தலையிலிருந்து தூதன், தேவரீர் ஆணைகளை எழுதும் ஓலைநாயகன் பூதன் காரி பணிந்து விடுக்கும் ஓலை. தேவரீர் குடைநிழல் குளிர்க. பட்டத்தரசியார் முழங்கால் வலி தணிக. அரண்மனைக் கூரை இவ்வாண்டேனும் ஒழுகாது நிற்க.

தூதன் தன் ஓலையில் தன்னை நான் என்று எழுதலாகாது, இவன் என்றே எழுதுக என்பது நம் அரண்மனை விதி. முன்னோர் இதை எதற்கு வகுத்தார்களோ தெரியாது. ஆனால் நடந்ததைச் சொல்லப் புகும் இவ்வேளையில், செய்தவன் வேறு எவனோ என்பதுபோல் தோன்றுவதால், இவனுக்கு அது பெரிய ஆறுதல்.

நடந்தது யாதெனில், நெடுமடை அரசி கொற்றவேண்மாள் பெருமாட்டியார் கொலுவீற்றிருக்க, அமைச்சர் அழிசியார் வலப்புறமும் அவைப்புலவர் தத்தனார் இடப்புறமும் அமர்ந்திருக்க, இவன் தான் எழுதிய நெடுங்கதைக் கட்டை எடுத்து நின்றான். வாசிக்குமுன் சற்று வீறு தெரியட்டும் என்று எண்ணி, கட்டின் கயிற்றை ஒரே இழுப்பில் உருவினான். கயிறு கையோடு வந்தது, கதை வரவில்லை. ஓலைகள் அவை முழுதும் சிதறின. சில பாதபீடத்தின் கீழ் ஒளிந்தன. சில சாமரம் வீசுவாரின் கால்களுக்கிடையே புகுந்தன. எண் இட்டிருந்தால் அடுக்கிவிடலாம். எண் இடுவது கணக்கர் வேலை, கதைக்குத் தன் வழி தானே தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் இவன். கதைக்கு வழி தெரிந்திருக்கலாம். ஓலை பொறுக்கிய சேவகர்க்குத் தெரியவில்லை.

நல்ல வேளை கழிகிறது, தொடங்குக என்றார் நிமித்திகர். இவன் அடுக்கியபடியே வாசித்தான். முதல் ஓலையில் கதைத்தலைவனைப் பாடையில் ஏற்றினார்கள். அடுத்த ஓலையில் அவனுக்குப் பல் முளைத்தது. அதற்கடுத்து அவன் பேரனுக்குப் பெண் பார்த்தார்கள். அது முடிந்த பிறகே அவனுக்குத் திருமணம் ஆயிற்று. தலைவி அவன் பிரிவால் வளையல் கழன்று வாடினாள். பின்பு ஒருநாள் அவனைக் கண்டு, யாரடி இவர் என்று தோழியைக் கேட்டாள்.

இக்கதை வெறும் கதையாயின் சிரித்துவிட்டுப் போகலாம். தேவரீர் பாட்டனார் காலத்துப் போர் ஓய்ந்தபோது, பொன்னும் இல்லை யானையும் இல்லை என்று நம்மவர் கைவிரிக்க, ஆண்டுக்கொரு புதிய நெடுங்கதையே திறையாக அமைந்தது. நெடுமடையை ஆள்பவர் கதையைக் கேட்டு, ஏற்றோம் என்று தம் வாயால் சொன்ன பின்பே பேரேரியின் மதகு நமக்குத் திறக்கும். கரம்பையின் நெல் முழுதும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. முன்பு எழுதிவந்த கதைப்புலவர் தம் மகள் வீட்டோடு போய்விட, இனி யார் எழுதுவது என்று தேவரீர் விருந்தில் கவலையுற்ற வேளையில், நெடுங்கதை எழுதுவது என்ன மலையைப் பிளப்பதா என்று இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே பேசியவனும் இவனே.

எழுதிய விதத்தையும் மறைப்பதற்கில்லை. கதைக்குப் பெயர் தேடுவதில் முன்பனி போயிற்று; தந்தத்தில் எழுத்தாணி செய்விப்பதில் பின்பனி போயிற்று. எழுதத் தொடங்கியபோது நிலவைப் பற்றி மட்டும் ஓலைகள் பல நிறைந்தன. மேலே செல்ல வழி தெரியாத இடத்திலெல்லாம் ஒரு புலியை விட்டான். புலிகள் பெருகிப் பெருகிக் கதைக்குள் மான் இனமே அற்றுப்போயிற்று.

வாசிப்பு முடிந்தது. அப்போது தத்தனார் எழுந்தார். காலத்தைக் காளைமாடு போல் ஒரே தடத்தில் ஓட்டுவது பாமரர் வழக்கு என்றும், பாடையில் தொடங்கித் தொட்டிலுக்குப் போனதால் பிறவிச் சுழலையே இக்கதை தன் கட்டாகக் கொண்டது என்றும், தமக்கே மூன்று இடங்களில் விளங்கவில்லை என்றால் கதையின் ஆழத்தை அவையோர் ஊகித்துக்கொள்ளலாம் என்றும் முழங்கினார். ஐயா, கயிறு அவிழ்ந்து அடுக்கு மாறிவிட்டது என்று இவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தலைவணங்கினான். புகழ்ச்சி காதில் விழுந்ததும் கழுத்து தானே வளைகிறது. அதற்கு இவன் என் செய்வான். மறுநாள் மடைத்தலைப் புலவர் தெருவில் வீட்டுக்கு வீடு கயிறு உருவும் ஓசை கேட்டதாம்.

அரசியாரோ ஓலைகளை வைத்துவிட்டுப் போகச் சொல்லி எழுந்துவிட்டார். ஏற்றோம் என்பதும் இல்லை, மறுத்தோம் என்பதும் இல்லை.

அன்று முதல் இவன் வாயில் வாயிலாக ஏறி இறங்கினான். அமைச்சர் அழிசியாரிடம் சென்று, கதை ஏற்கப்படுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் தூதரே, நல்ல காரியத்துக்கு என்ன அவசரம், எங்கள் ஊர்ப் பலாச்சுளை உண்டீரா என்றார். கதையில் குறை உண்டா என்றதற்கு, குறை என்று சொல்வதற்கில்லை என்றார். நிறைவா என்றதற்கு, அப்படியும் சொல்வதற்கில்லை என்று இன்னொரு சுளையை நீட்டினார். தத்தனாரோ, காலம் பதில் சொல்லும் என்றார். எந்தக் காலம், கார்காலமா என்று இவன் கேட்டதை நுட்பமான வினா என்று வியந்து, அதைப் பற்றித் தாம் ஒரு விரிவுரை வகுக்கப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். படைத்தலைவர் ஒருவர் தெருவில் மறித்து, ஓய் தூதரே, உம் கதையில் குதிரை வருகிறது, குத்து வரவில்லையே, அடுத்த பாகத்தில் என்னையும் ஓரிடத்தில் நுழைத்துவிடும், வாள் சற்று நீளமாக இருக்கட்டும் என்றார். எல்லாரும் பேசினார்கள். நன்று என்றோ தீது என்றோ ஒருவர் வாயிலும் வரவில்லை.

இவ்வாறிருக்கையில் தேவரீர் திருமுகம் வந்தது. நாற்றங்காலில் நாற்றின் நுனி மஞ்சளித்து வருகிறது, குடிகள் காலையில் வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கி நின்று பேரேரி இருக்கும் மேற்கே பார்த்துவிட்டுப் போகிறார்கள், கதை எவ்விடத்தில் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கடிந்து ஒரு சொல் இல்லை. கடிந்திருந்தால் இவன் ஒரு வேடிக்கை சொல்லித் தப்பியிருப்பான். அன்று அழிசியார் அனுப்பிய பலாச்சுளையை இவன் திருப்பி அனுப்பிவிட்டான்.

அரசியார் விடியலில் பேரேரிக்கு வந்து நீர்மட்டம் பார்ப்பது வழக்கம். மறுநாள் இவன் அங்கே போய் நின்றான். மதகைத் திறந்தருள வேண்டும், எம் நாற்று சாகிறது என்று சொல்லவேண்டிய சொற்களை வழியெல்லாம் மனனம் செய்துகொண்டே போனான். அரசியார் திரும்பி, என்ன தூதரே என்றார். இவன் வாய் திறந்தது. வெளிவந்தது வேறு. பெருமாட்டி, கதை தங்களுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டுவிட்டான்.

நாற்று வாடும் நாட்டின் தூதன் கேட்ட கேள்வி இது. தேவரீர் இவன் நாவை அறுப்பிக்க நினைத்தால், எழுதிய கையையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், தடை சொல்வாரில்லை.

அரசியார் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. அவர் அருளியது வருமாறு.

இல்லை தூதரே, பிடிக்கவில்லை. ஓலை அடுக்கு மாறியதை அன்றே கண்டுகொண்டோம். பாடையில் போனவனுக்குப் பல் முளைத்தால், அதைத் தத்துவம் என்று சொல்ல நாம் தத்தனார் அல்லோம். ஆள் வைத்து அடுக்கி மீண்டும் படித்தோம். அடுக்கிய பின்னும் நன்றாயில்லை. உம் தலைவன் பேசுவதெல்லாம் நீர் விருந்தில் பேசுவது. உம் தலைவி பேசுவதே இல்லை, நிலவைப் பார்க்கிறாள். ஆனால் நடுவில் ஓர் ஓலை கிடக்கிறது. கரை உடைத்த வெள்ளத்தில் கணவன் போய்விட்டான் என்ற செய்தி வரும்போது ஒருத்தி நெல் குற்றிக்கொண்டிருக்கிறாள். உலக்கையை நிறுத்தவில்லை, நெல் அடுத்த வீட்டாருடையது. குற்றி, புடைத்து, அரிசியை அளந்து மூடி வைத்துவிட்டு, செய்தி கொண்டுவந்தவனைப் பார்த்து, நீ சாப்பிட்டாயா அப்பா என்று கேட்கிறாள். அதைப் படித்த அன்று நாம் உண்ணவில்லை. நீர் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்காமல், அடுத்த வரியிலேயே ஓர் ஆட்டை ஓட்டிவந்து தவிட்டைத் தின்னவைத்து, அவையைச் சிரிக்க வைத்தீர். அந்த ஆடு அங்கே எதற்கு வந்தது தூதரே.

இவன் வழக்கம்போல் ஒரு வேடிக்கைக்கு வாயெடுத்தான், அகப்படவில்லை. அவ்விடத்தில் நின்றால் எழுதுபவனும் அழ வேண்டிவருமே என்று நான் பயந்துபோனேன் பெருமாட்டி என்றான். நான் என்று இவ்வோலையில் எழுதிவிட்டதற்கு விதிப்படி உள்ள தண்டத்தை ஊர் திரும்பியதும் ஏற்கிறான்.

அழுதுகொண்டே எழுதும், ஓலை நனைந்தால் வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம் என்றார் அரசியார். பின்பு மதகைக் காட்டிச் சொன்னார். இதற்குப் பலகை பன்னிரண்டு. முழுக்கதையையும் ஏற்றோம் என்று நாம் சொன்னால் அது பொய். பொய் சொல்லி மதகைத் திறந்தால், அடுத்த ஆண்டு பொய் சொல்லி மூடவும் துணிவோம். அந்த ஓர் ஓலையை ஏற்றோம். அதற்கு ஒரு பலகை உயரும். நாற்றங்காலுக்கு அது காணும், நடவுக்குக் காணாது. நடவுக்கு நீர் வேண்டுமென்றால், ஆட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதும். அவள் அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்புகிறாளே, அதிலிருந்து எழுதும் என்றார்.

இவ்வோலை முடிகையில் ஒரு பலகை உயர்ந்து நீர் ஓடத் தொடங்கியது. ஆகவே தேவரீர் திருப்பெயரால் ஓலைநாயகன் இடும் ஆணை: வாய்க்கால் காப்போர் தூர் அகற்றி நீரை வழிவிடுக. கடைமடை நாற்றங்கால்கள் முதலில் நனைக, தலைமடையார் பொறுத்திருக்க. மடைத்தலைக்கு வெற்றோலைக் கட்டு ஒன்று விரைந்து அனுப்புக. அவ்வோலைகளில் கணக்கர் முன்னதாகவே எண் இட்டு அனுப்புக. தூதன் கதை முடியும்வரை ஊர் திரும்பான். கரம்பை நாட்டு நாரை முத்திரை அரக்கில் பதிந்தது. இது பூதன் காரி கையெழுத்து.